சுருதிக் கணக்கும் மெழுகு மேளமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



உளி பிடித்த கை ஒலிபெருக்கியைப் பிடிப்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம். எனினும், “வீணைக்கு மேளம் கட்டும் தொழிலைப் பற்றி நம்மவர் முன்னிலையில் நாலு வார்த்தை சொல்லவேண்டும்” என்று காரியதரிசி அவர்கள் கட்டளையிட்டமையால் துணிந்து நிற்கின்றேன். குற்றங் குறைகளைப் பொறுத்தருள வேண்டுகின்றேன்.

வீணையில் இருபத்துநான்கு மெட்டுகள் உள. அவற்றைத் தண்டியின்மேல் கறுப்பு மெழுகிற் பதித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய சுரத்தானத்தில் நிறுத்துவதே மேளம் கட்டுதல் எனப்படும். இந்தச் சபையில் மரவேலை, இரும்புவேலை, பொன்வேலை, கல்வேலை, வெண்கல வேலை ஆகிய ஐந்தொழிலோரும் இருக்கின்றீர்கள். அளவுகோல் இல்லாத தொழில் நம்முள் ஒன்றுமில்லை. அங்ஙனமாகவும், இந்த மெட்டுகளை மட்டும் கோல் கொண்டு அளந்து வைத்துவிட முடியாமை ஏன்? ஓர் அடிக்கோலும் ஓர் அட்டவணையும் கொடுத்துவிட்டால் எந்தப் பையனும் செய்துவிடலாகாதா? இவ்வினாவை என் பட்டறையிலேயே என் மகன் என்னைக் கேட்டான். அவனுக்கு அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. இன்று சற்று விரிவாகவே சொல்ல முயல்கின்றேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு தந்தியைச் சரிபாதியில் அழுத்தி மீட்டினால் மேல் ஷட்ஜம் பேசும். மூன்றில் ஒரு பங்கை விட்டு, எஞ்சிய இரு பங்கை மீட்டினால் பஞ்சமம் பேசும். இவ்விரண்டும் மனிதன் வகுத்தவை அல்ல, தந்தியின் இயல்பு. பஞ்சமத்தையே ஷட்ஜமாகக் கொண்டு அதற்கொரு பஞ்சமம், அதற்கும் ஒரு பஞ்சமம் என இப்படியே பன்னிரண்டு முறை ஏறிச் சென்றால், பன்னிரண்டு சுரங்களையும் தொட்டு, ஏழு ஸ்தாயிக்கு மேலே மறுபடியும் ஷட்ஜத்துக்கே வந்து சேரவேண்டும். வந்து சேருகின்றோமா என்று பாருங்கள். ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வருவது 129.75-க்குச் சற்றுக் குறைவு. இரண்டை ஏழு முறை பெருக்கினால் வருவது 128. இரண்டும் ஒன்றல்ல.

பன்னிரண்டு மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி ஒரு சக்கரமாகப் பொருத்துகின்றோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டும் குற்றமற்றது. இணைப்பு ஒவ்வொன்றும் மயிரிழை நுழையாதது. ஆயினும் பன்னிரண்டாவது துண்டைப் பொருத்தும்போது அது முதல் துண்டின்மேல் ஏறி நிற்கின்றது. 32 அங்குல நீளமுள்ள தந்தியில் இந்த மிச்சம் நடு இடத்தில் கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. நம் அளவு பிசகியதனால் வந்ததன்று இது. எண்களின் இயல்பே அது. உலகத்தில் எந்த நாட்டில் எந்த வாத்தியம் செய்பவனும் இந்த மிச்சத்திலிருந்து தப்பியதில்லை. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது ஒன்றே அவன் தீர்மானிக்கக் கூடியது.

ஐரோப்பாவில் கட்டை வாத்தியங்கள் செய்தோர், அதாவது ஆர்கன், ஹார்ப்ஸிகார்ட், பின்னாளிற் பியானோ ஆகியவற்றைச் செய்தோர், இதனோடு முந்நூறு நானூறு ஆண்டுகள் போராடினர். அவர்களுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. ஷட்ஜத்துக்கும் காந்தாரத்துக்கும் இயல்பான விகிதம் நாலுக்கு ஐந்து. ஆனால் பஞ்சமங்களை அடுக்கி ஏறிச் சென்றாற் கிடைக்கும் காந்தாரம் அதனினும் உயர்ந்து நிற்கும். காந்தாரம் இனிக்கவேண்டும் என்பதற்காகப் பதினொரு பஞ்சமங்களைச் சிறிது சிறிதாகக் குறுக்கினர். இம்முறையை இத்தாலியரான பியெத்ரோ ஆரோன் 1523-ல் எழுதிவைத்தார். காந்தாரங்கள் இனித்தன, ஆனால் குறுக்கியதெல்லாம் சேர்ந்து பன்னிரண்டாவது பஞ்சமத்தில் வீங்கி நின்றது. அவ்விடத்தைத் தொட்டால் ஊளையிடும். அதற்கு அவர்கள் ஓநாய் என்றே பெயரிட்டனர். ஓநாய்க்கு அஞ்சிச் சில இராகங்களை வாசிப்பதையே விட்டனர். சில ஆர்கன்களிற் கறுப்புக் கட்டையை இரண்டாகப் பிளந்து, முன்பாதிக்கு ஒரு சுரமும் பின்பாதிக்கு ஒரு சுரமுமாக அமைத்தனர். அந்தத் தச்சர்களின் பொறுமையை வியக்கின்றேன். வாசித்தவர்களின் விரல்களுக்காக இரங்குகின்றேன்.

முடிவில் அவர்கள் ஏற்றுக்கொண்டது சமப் பங்கீடு. மிச்சத்தைப் பன்னிரண்டு கூறாக்கிப் பன்னிரண்டு பஞ்சமங்களுக்கும் சமமாகப் பங்கிட்டுவிடுவது. இதற்கு வேண்டிய எண்ணைச் சீன தேசத்து மிங் வமிசத்து இளவரசர் ஜூ ஜாய்யூ 1584-ல் கணக்கிட்டார். ஐரோப்பாவில் வானநூல் வல்ல கலிலியோவின் தந்தையாரான வின்சென்சோ கலிலி, 1581-ல் தம் லூட் வாத்தியத்துக்கு ஒரு தொழிலாளியின் சூத்திரமே சொன்னார்: தந்தியைப் பதினெட்டாகப் பகுத்து ஒரு பங்கில் முதல் மெட்டு, எஞ்சியதை மறுபடி பதினெட்டாகப் பகுத்து ஒரு பங்கில் இரண்டாம் மெட்டு. இப்படிப் பன்னிரண்டு மெட்டு வைத்தால், 32 அங்குலத் தந்தியில் பன்னிரண்டாவது மெட்டு நடு இடத்துக்கு ஏறத்தாழ எட்டில் ஓர் அங்குலம் முன்னதாகவே நின்றுவிடும். கணக்கன் இதைப் பிழை என்பான். வாத்தியம் செய்பவனோ, விரல் தந்தியை மெட்டின்மேல் அழுத்தும்போது தந்தி இறுகிச் சுரம் சற்று ஏறும். ஆதலின் அந்தக் குறைவு நல்லதே என்பான். கோல் மட்டும் போதாது என்று நான் சொன்னதற்கு இதுவே முதற் காரணம். நம் வீணையிலோ மெட்டு தண்டியினின்று நன்கு உயர்ந்து நிற்பது. அழுத்தத்தால் ஏறுவது அதில் இன்னும் அதிகம்.

சமப் பங்கீட்டினால் விளைந்தது யாது? 1885-ல் எல்லிஸ் என்னும் ஆங்கிலேயர் ஒரு ஸ்தாயியை 1200 பங்காக்கி அளக்கும் முறையை வெளியிட்டார். அவ்வளவைப்படி இயல்பான பஞ்சமம் 702. சமப் பங்கீட்டுப் பஞ்சமம் 700. வேற்றுமை அற்பம். இயல்பான அந்தர காந்தாரம் 386. சமப் பங்கீட்டில் 400. இது அற்பமன்று. நம் கோலில் சொல்வதானால், 32 அங்குலத் தந்தியில் பஞ்சமம் பிசகுவது நாற்பதில் ஒரு பங்கு அங்குலம். காந்தாரம் பிசகுவது ஐந்தில் ஒரு பங்கு அங்குலம். பஞ்சமத்தைக் காப்பாற்றக் காந்தாரத்தைப் பலியிட்டது போலத்தான்.

பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவர் இதைக் காதாலேயே செய்வார். இரு தந்திகள் இயல்பான விகிதத்தினின்று சிறிது விலகினால் ஒலி அலைமோதும்; அந்த அலைகளை அவர் எண்ணுவார். பியானோவின் நடுப்பாகத்துக்குச் சற்றுக் கீழேயுள்ள ஒரு காந்தார இணைப்பில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ ஏழு அலைகள் வரவேண்டும். குறைந்தாலும் கூடாது, மிகுந்தாலும் கூடாது. அதாவது, எவ்வளவு பிசகவேண்டுமோ அவ்வளவு பிசகும்படி செய்வதே அவர் வித்தை. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. அவர்கள் சங்கீதத்தில் ஒரே பாட்டின் நடுவே ஆதார ஷட்ஜம் இடம் மாறிக்கொண்டே போகும். எந்தக் கட்டையும் ஷட்ஜமாகவேண்டும். ரிஷபத்தை 9/8 என்றும் தைவதத்தை 5/3 என்றும் இயல்பாக வைத்துவிட்டு, அந்த ரிஷபத்தையே ஷட்ஜமாக்கினால், தைவதம் அதற்குப் பஞ்சமமாக நில்லாது, குறைந்து நிற்கும். ஆகவே அவர்களுக்குச் சமப் பங்கீடு அவசியமான ஏற்பாடு.

நமக்கோ ஷட்ஜம் ஒன்றே. கச்சேரி தொடங்கி முடியும் வரை தம்புராவில் அது நின்றுகொண்டே இருக்கின்றது. அவர்களுக்கு நேர்ந்த அவசியம் நமக்கு நேரவில்லை. ஆயினும் அவர்களுடைய ஏற்பாடு ஆர்மோனியத்தின் வழியாக நம் வீட்டுக்குள் வந்தது. பிரெஞ்சு தேசத்தில் தெபான் என்பவர் 1840-ஐ ஒட்டி அமைத்த அவ்வாத்தியம், கல்கத்தாவில் கையால் துருத்தி இயக்கும் சிறு பெட்டியாகி, நாடகக் கொட்டகை முதல் பஜனை மடம் வரை பரவியது. அகில இந்திய ரேடியோ 1940 மார்ச்சு மாதத்தில் அதை விலக்கிவைத்தது. 1971-க்குப் பின்னரே அத்தடை தளர்ந்தது. விலக்கியவர்கள் சொன்ன காரணங்களில் இந்தச் சுருதிப் பிசகும் ஒன்று. வாத்தியத்தின்மேல் முழுப் பழியையும் போடுவது நியாயமன்று என்பது என் கருத்து. ஆர்மோனியத்தின் பித்தளை நாக்கை நுனியிற் சுரண்டினால் சுரம் ஏறும். அடியிற் சுரண்டினால் இறங்கும். வேண்டிய காந்தாரத்தை அதில் வைக்கமுடியாது என்பதில்லை. பெரும்பாலும் வைப்பதில்லை, அவ்வளவே. ஆனால் ஒரு சுரத்தினின்று மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம் அதில் இல்லை என்ற குறைக்கு எந்த அரமும் மருந்தாகாது.

நம் நாட்டிலும் இக்கணக்கைப் பற்றி வாதங்கள் நிகழாமலில்லை. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் அவர்கள், ஸ்தாயியை இருபத்திரண்டு சுருதியாக்குவது பிழை, இருபத்துநான்கு சம பாகமே சரி என்று நிறுவப் புகுந்து, 1916-ல் பரோடாவில் கூடிய சங்கீத மாநாட்டில் தம் புதல்வியரை வீணை வாசிக்கச் செய்து விளக்கினார். 1917-ல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். 1947-ல் வெளிவந்த விபுலாநந்த அடிகளின் யாழ்நூலோ இயல்பான விகிதங்களையே பற்றிச் செல்வது. பண்டிதர் அவர்களின் உழைப்புக்குத் தலைவணங்குகின்றேன். ஆனால் மெழுகைச் சூடாக்கி மெட்டு வைக்கும் கைக்கு அவர் முடிவு ஒத்துவரவில்லை என்பதையும் சொல்லாமலிருக்க இயலவில்லை. ஏனெனில் தம்புரா அதை ஒப்புவதில்லை. தம்புராவை நன்றாகச் சுருதி சேர்த்து, குதிரையின்மேல் நூலைச் செருகி ஜீவாளி பிடித்துவிட்டால், யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று அதிற் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். அது நாலுக்கு ஐந்து என்ற காந்தாரம்; 386. தந்தி தானே சொல்லும் சுரம். அதற்குப் பதினான்கு பங்கு மேலே வீணையின் மெட்டு நின்றால், இரண்டும் ஒன்றோடொன்று சண்டையிடும்.

இனி வீணைக்கு வருவோம். வீணையிலும் மிச்சம் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். மெட்டு ஒன்று, அதன்மேற் செல்லும் வாசிப்புத் தந்திகள் நான்கு. சாரணி ஷட்ஜத்துக்கும், அடுத்தது கீழ்ப் பஞ்சமத்துக்கும், பின்னிரண்டும் மந்தர ஷட்ஜ பஞ்சமங்களுக்கும் சேர்க்கப்படுவன. ஆகவே ஒரே மெட்டு சாரணியில் ஒரு சுரத்துக்கும் பஞ்சமத் தந்தியில் வேறொரு சுரத்துக்கும் விடை சொல்லியாகவேண்டும். நாலாவது மெட்டு சாரணியில் அந்தர காந்தாரம். பஞ்சமத் தந்தியில் காகலி நிஷாதம். கணக்குப் பார்த்தால் இரண்டும் பொருந்தும். ஐந்தாவது மெட்டு சாரணியில் சுத்த மத்திமம், பஞ்சமத் தந்தியில் ஷட்ஜம், பொருந்தும். ஏழாவதும் பொருந்தும்.

இரண்டாவது மெட்டிலேதான் வழக்கு. சாரணியில் அது சதுச்ருதி ரிஷபம். ஒன்பதுக்கு எட்டு என்ற இடத்தில் வைத்தால் ரிஷபம் சுத்தமாகப் பேசும். ஆனால் அதே மெட்டு பஞ்சமத் தந்தியிற் பேசும் தைவதம், ஒன்பதாவது மெட்டில் சாரணி பேசும் தைவதத்தோடு ஸ்தாயி ஒத்துவராது; உயர்ந்து நிற்கும். தைவதம் சரியாகவேண்டுமானால் மெட்டைப் பத்துக்கு ஒன்பது என்ற இடத்துக்கு இறக்கவேண்டும். அப்பொழுது ரிஷபம் தாழ்ந்துபோகும். இரண்டு இடங்களுக்கும் இடையே 32 அங்குலத் தந்தியில் மூன்றில் ஓர் அங்குலத்துக்கும் மேற்பட்ட தூரம்! முன்சொன்ன சக்கரத்து மிச்சத்துக்கு இது தம்பி என்று சொல்லலாம். அளவில் சற்றே சிறியது.

இதற்குப் பழைய கைகள் கண்ட வழி என்ன? ஒரு நியாயத்தை மனத்திற் கொள்ளவேண்டும். மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுரம் உயரும்; எவ்வளவு இழுத்தாலும் தாழாது. எனவே மெட்டு ஒரு மயிரிழை தாழ்ந்து நின்றால் வாசிப்பவர் இழுத்துச் சரிசெய்துகொள்வார். உயர்ந்து நின்றாலோ அவரால் ஒன்றும் செய்ய இயலாது. இரண்டாவது மெட்டை இவ்விரண்டு இடங்களுக்கும் நடுவே எங்கே நிறுத்துவது என்பதை, அவ்வீணையை வாங்குபவர் எப்படி வாசிப்பவர், இழுப்பு மிகுதியா, பஞ்சமத் தந்தியில் அதிகம் இறங்கி வாசிப்பவரா என்று கேட்டறிந்து தீர்மானிப்பதுண்டு. அதை எந்த அட்டவணையிற் போடமுடியும்?

மெட்டுக்கு மெழுகு வைத்ததன் காரணமும் இதுவே. தேன்மெழுகும் குங்கிலியமும் கரியும் சேர்த்துக் காய்ச்சித் தண்டியின் இருபக்கமும் கரை கட்டி, அதன்மேல் மெட்டுகளை அமர்த்துகின்றோம். காய்ச்சிய கம்பியைக் காட்டினால் இளகும், நெல்லிடை அளவு நகர்த்தலாம், ஆறினால் நிற்கும். வெயிலிலும் பனியிலும் வெடிப்பதும் உண்மை. சில ஆண்டுக்கொரு முறை மேளத்தை அழித்துக் கட்டவேண்டியிருப்பதும் உண்மை. நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைச் செதுக்கிய நம் சிற்பிகளுக்கு இந்தச் சலுகை இல்லை; கல்லிற் கழித்தது கழித்ததுதான். நாகசுரம் கடையும் நம்மவர்க்கும் துளை போட்டபின் அதை நகர்த்தும் வழி இல்லை. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை அவர்களுக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியார் 1950களில் பாரி நாகசுரம் கடைந்து, சுத்த மத்திமம் ஒழுங்காகப் பேசும்படி துளைகளை அமைத்தார் என்றால், மரத்தை வெட்டுமுன் அவர் காதில் அந்த மத்திமம் எவ்வளவு தெளிவாக நின்றிருக்கவேண்டும்! அவ்வூர் நாகசுரத்துக்கு 2022-லும், தஞ்சாவூர் வீணைக்கு 2013-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு வந்துவிட்டது, நல்லதே.

காதுக்குக் காப்பு யார் தருவார்? நான் இன்று பேச ஒப்புக்கொண்டதன் காரணத்தை இங்கே சொல்லிவிடுகின்றேன். இப்பொழுது கைபேசியிலேயே சுருதி காட்டும் முள் வந்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் என் மகன் ஒரு வீணைக்கு அந்த முள்ளைப் பார்த்தே மேளம் கட்டினான். இருபத்துநான்கு மெட்டிலும் முள் நடுவில் நின்றது. வேலை ஒரே நாளில் முடிந்தது. நானும் அன்று உடல்நலமின்றிக் கிடந்தமையால் காது வைத்துப் பார்க்கவில்லை. வாங்க வந்த அம்மையார் முதிர்ந்தவர்; பல்லாண்டுகள் வீணை கற்பித்தவர். தம்புரா போட்டுச் சங்கராபரணம் நாலு பிடி வாசித்தார். வீணையைக் கீழே வைத்தார். “ஆசாரியாரே, பஞ்சமம் உங்கள் வீட்டுப் பஞ்சமம்தான், காந்தாரம் மட்டும் யார் வீட்டிலிருந்து வந்தது?” என்றார்.

எனக்கு நாணமாய்விட்டது. முள் பொய் சொல்லவில்லை. அது பியானோவின் காந்தாரத்தை உண்மையாகவே காட்டியது. 400-ல் நின்ற மெட்டை அவர் எப்படி இழுத்தாலும் 386-க்கு இறங்காது. நாலாவது மெட்டைச் சூடாக்கி, யாளிப் பக்கமாக ஓர் அரிசி நீளம் நகர்த்தினேன். அவர் மறுபடி வாசித்தார். ஒன்றும் சொல்லாமல் பணத்தை எடுத்து வைத்தார்.

முள்ளை உடைத்தெறியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இரண்டாவது மெட்டில் அது காட்டும் 200 என்பது, வழக்காடும் இரண்டு இடங்களுக்கும் நடுவே விழுகின்றது. அவ்விடத்தில் அதன் தீர்ப்பு மோசமன்று. பாடகர்கள் பாடும் காந்தாரம் எப்பொழுதும் 386-ல் அசையாமல் நிற்கின்றது என்றும் நான் சாதிக்கவில்லை. இராகத்துக்கு இராகம் அது ஆடும், அசையும். ஆனால் ஆடுவதற்கு ஓர் அடியிடம் வேண்டுமன்றோ? அந்த இடத்தை மெட்டு கொடுக்கவேண்டும். முள்ளை மட்டும் நம்பி மேளம் கட்டிப் பழகிய பையனுக்கு, முள் தவறும் இடம் எது என்று கேட்டறியும் காது வளராது. இப்பொழுது மெழுகில்லாமல் மெட்டுகளைப் பலகையிலேயே பொருத்திய வீணைகளும் வந்துவிட்டன. வெளியூர் கொண்டுசெல்ல அவை வசதியே. அவற்றில் ஒருமுறை பிசகிய மெட்டு, வாத்தியம் உள்ளவரை பிசகியே நிற்கும்.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். நம் கட்டடத்தில் ஞாயிறுதோறும் பிற்பகலில் ஒரு தம்புராவும் பழைய வீணை ஒன்றும் வைத்து, தொழில் பழகும் பிள்ளைகளை வரவழைக்கவேண்டும். முதல் மூன்று மாதம் உளியும் வேண்டாம், மெழுகும் வேண்டாம். தம்புராவின் பிரடையைத் திருகிச் சுருதி சேர்த்து, அதிற் பேசும் காந்தாரத்தைக் கேட்கட்டும். அதன்பின் கைபேசி முள்ளையும் பக்கத்தில் வைத்து இரண்டுக்கும் உள்ள தூரத்தைத் தாங்களே அளக்கட்டும். தம்புரா ஒன்றை நான் தருகின்றேன். கற்பிக்க நானும், என்னினும் மூத்த இருவரும் இசைந்திருக்கின்றோம். கூலி வேண்டாம், வண்டிச்சத்தம் மட்டும் சங்கம் தந்தாற் போதும்.

கூடத்தின் மூலையில் உறை போட்டு வைத்திருக்கும் வீணையை எல்லோரும் பார்த்துக்கொண்டே இருக்கின்றீர்கள். அதன் நாலாவது மெட்டை இன்று காலை வேண்டுமென்றே முள்ளின்படி வைத்து எடுத்து வந்தேன். யாரேனும் அந்த மின்விசிறியை நிறுத்தி, கரியடுப்பை இப்பக்கம் நகர்த்திக் கொடுப்பீர்களாயின், கம்பி காய்வதற்குள் அதை அப்படியே ஒருமுறை மீட்டிக் காட்டுகின்றேன். பிறகு நகர்த்திவிட்டு மீட்டுகின்றேன். பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகள் முன்னே வந்து உட்காருங்கள்.